அமைப்புச் செலவுக்கு ஆர்.சி. புத்தகத்தை அடகு வைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 47. கொருக்குப்பேட்டையில் சொந்தமாகக் குட்டி யானை ஓட்டுகிறேன். டீசல் போக நாளுக்கு 900 ரூபாய் நிற்கும். ஒரு சிறிய இந்து அமைப்பில் 18 ஆண்டுகளாக வட்டப் பொறுப்பாளர். விநாயகர் சதுர்த்தி வசூலில் துண்டு விழுவதை ஆண்டுதோறும் 40,000 ரூபாய் தண்டல் வாங்கிச் சரிக்கட்டுகிறேன். மனைவியின் 6 பவுன் நகை 4 ஆண்டுகளாக அடகுக் கடையில் 1,50,000 ரூபாய்க்கு மாதம் 2 வட்டியில் இருக்கிறது. இப்போது மாநாட்டுக்காக வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை வைத்து 2 லட்சம் வாங்கித் தரும்படி மாவட்டத் தலைவர் கேட்கிறார். பங்குச் சந்தையில் ஆப்ஷன் டிரேடிங் செய்து ஆறு மாதத்தில் அடைத்துவிடலாம் என்கிறார். அடுத்த ஆண்டு மகள் கல்லூரிக்குப் போக வேண்டும். என்ன செய்யட்டும், ஐயா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் கொள்கையில் நான் தலையிடவில்லை. வசூல் ரசீதில் அமைப்பின் பெயர் இருக்க, தண்டல் அட்டையில் மட்டும் உங்கள் பெயர் இருக்கிறதே, அந்தப் பழக்கம்தான் உங்கள் வீட்டை அரிக்கிறது.

40,000 எழுதினால் கைக்கு வருவது பெரும்பாலும் 34,000. நாளுக்கு 400 வீதம் 100 நாள் கட்டுகிறீர்கள். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால் சராசரியாக உங்கள் கையில் இருப்பது 17,000தான். அதற்கு 100 நாளில் 6,000 என்றால் ஆண்டு வட்டி ஏறக்குறைய 130 சதவீதம். அவை எந்த 100 நாட்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்: காசிமேட்டில் கிரேன் உங்கள் பிள்ளையாரைக் கடலில் இறக்கியதில் தொடங்கி, ஐப்பசி, கார்த்திகை மழையில் லோடே கிடைக்காத நாட்களிலும் அந்த 400ஐ எடுத்து வைத்த பிறகுதான் வீட்டில் உலை வைக்க முடிகிறது.

ஆர்.சி. புத்தகம் இதைவிட ஆபத்தானது. தவணை தவறினால் வண்டி போகும். வண்டி போனால் அந்த 900உம் இல்லை. தலைவரின் வாய்வார்த்தையைக் கடன் கொடுத்தவர் கணக்கில் எடுக்கமாட்டார், கையெழுத்திட்டவரைத்தான் தேடி வருவார். ஆப்ஷன் பேச்சை இத்தோடு விடுங்கள். 2022 முதல் 2024 வரையான 3 நிதியாண்டுகளில் ஆப்ஷனும் அடங்கிய எஃப் அண்ட் ஓ வணிகம் செய்த தனிநபர்களில் 100க்கு 93 பேர் பணத்தை இழந்ததாகப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் ஆய்வே சொல்கிறது.

நகைக்கு இதுவரை கட்டிய வட்டி 1,44,000, அசலை நெருங்கிவிட்டது. வங்கிக்கு மாற்றினால் சுமார் 10 சதவீதத்தில் ஆண்டுக்கு 21,000 மிஞ்சும். நகையை மீட்க ஓரிரு நாள் கைமாற்று தேவைப்பட்டால் அமைப்பிலேயே கேளுங்கள். 18 ஆண்டு கொடுத்தவர் கேட்பதில் தவறேதும் இல்லை.

அடுத்த கமிட்டியிலேயே, வசூல் எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் சிலை என்று சொல்லிவிடுங்கள். 10 அடிக்குச் செய்யும் அதே பூஜையைத்தான் 5 அடிக்கும் செய்கிறோம். உங்கள் பங்காக மாதம் 500 ரூபாய் கொடுங்கள், அதற்கு ரசீதும் வாங்குங்கள். தண்டலுக்குப் போன 400ஐ அதே 100 நாளும் மகள் பெயரில் வங்கியில் போட்டு வந்தால், கல்லூரி திறக்கும்போது கையில் 40,000 இருக்கும்.