51 மார்க் டாக்டர்

கேள்வி: காலேஜில் படிக்கும் என் பையனும் நானும் எட்டு வருஷமாகச் சேர்ந்து ‘டாக்டர் ஹூ’ என்ற பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொடரைப் பார்க்கிறோம். 2005-இல் வந்த சீசனிலிருந்து வரிசையாக. ஹீரோவான டாக்டர் வேஷத்தில் ஜோடி விட்டேக்கர் என்ற நடிகை வந்ததிலிருந்து பாதி எபிசோடில் தூங்கிவிடுகிறேன். “இவ்ளோ தூரம் பாத்துட்டு இப்பப் போய் விடுறீங்களே” என்கிறான். நிறுத்தலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: தாராளமாக நிறுத்துங்கள் சார். நானே 2020-இல் நிறுத்தியவன்தான்.

டாக்டர் பெண்ணாக மாறியதால் விட்டுவிட்டோம் என்று சிலர் சொல்வார்கள், நான் அந்தக் கட்சி இல்லை. விட்டேக்கர் நல்ல நடிகை, அவருக்கு வாய்த்த கதைகள்தான் சுமார். என்னை எழுந்து போக வைத்தது ‘தி டைம்லெஸ் சில்ட்ரன்’ எபிசோட். அதுவரை டாக்டர் யார்? காலிஃப்ரே கிரகத்து ஆசாமி, அவ்வளவுதான். 1978-இல் வந்த ஒரு கதையில் கூட வரும் ரோமானா அவருடைய மார்க் விவகாரத்தைப் போட்டு உடைப்பாள்: இரண்டாவது தடவை எழுதி 51 சதவீதம். அரியர் கேஸ்! டார்டிஸ் என்ற ஓட்டைக் கால இயந்திரம் ஒன்றைத் திருடிக்கொண்டு ஊரைவிட்டு ஓடிவந்த அந்த ஆள்தான் போகிற இடமெல்லாம் யாரையாவது காப்பாற்றிக்கொண்டிருக்கிறார் என்பதில்தான் எனக்கு மொத்த ருசியும். 2020-இல் தொடரின் தலைமை எழுத்தாளர் கிறிஸ் சிப்னால் என்ன செய்தார் என்றால், இவர் அந்த ஊர்க்காரரே இல்லை, வேறெங்கிருந்தோ வந்து கண்டெடுக்கப்பட்ட குழந்தை, உடம்பை மாற்றிக்கொள்ளும் வித்தையையே காலிஃப்ரேக்காரர்கள் இவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள், கணக்கில்லாத முற்பிறவிகள் வேறு இருக்கின்றன என்று எழுதிவிட்டார். அரியர் கேஸை அவதார புருஷனாக்கிவிட்டால் எனக்கு அவரிடம் என்ன பேச்சு?

அப்புறம், அந்த “இவ்வளவு தூரம்” கணக்கு. 1963 நவம்பரில் ஆரம்பித்த தொடர் இது. டேப்பைத் திரும்பப் பயன்படுத்துவதற்காக பிபிசியே அறுபதுகளின் எபிசோடுகளை அழித்துத் தள்ளியதில் 90-க்கும் மேல் இன்றுவரை கிடைக்கவில்லை. எடுத்தவர்களிடமே முழுசாக இல்லாததை நீங்கள் முழுசாகப் பார்த்தாக வேண்டுமா? அதுவும் இது ஆள் இறங்கிப் போவதற்கு வசதியாகவே கட்டிய தொடர். 1966-இல் முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னெலுக்கு உடம்பு முடியாமல் போனதும், டாக்டருக்கு உடம்பும் முகமும் மாறும் என்று ஒரு வழி கண்டுபிடித்து பேட்ரிக் ட்ரௌட்டனைக் கொண்டுவந்தார்கள். ஹீரோவே இறங்கிப் போகலாம், பார்க்கிறவர் போகக்கூடாதா?

கேள்வி: அப்பா உங்களுக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார். முடிவு தெரியாமல் எப்படி சார் விடுவது? பார்க்கச் சொல்லி எழுதுங்கள், ப்ளீஸ்.
– அதே வீட்டிலிருந்து, தனி மெயிலில்

பதில்: தம்பி, எந்த முடிவு? 1989-இல் 26 சீசனோடு நின்றபோதுகூட முடிவு என்று ஒன்று வைக்கவில்லை. டாக்டரும் அவர்கூடப் பயணம் செய்யும் ஏஸ் என்ற பெண்ணும் பேசிக்கொண்டே நடந்து போனார்கள், அவ்வளவுதான். 1996-இல் வந்த ஒரு டிவி படத்தை விட்டால், அடுத்த எபிசோடுக்கு 2005 வரை காத்திருந்தார்கள். காத்திருந்தவர்கள் யாரும் செத்துப்போகவில்லை.

நீ பார். அப்பா தூங்கினால் எழுப்பாதே, “அடுத்து என்ன ஆச்சு சொல்லுங்க பாப்போம்” என்று பரீட்சையும் வைக்காதே, எட்டு வருஷம் உட்கார்ந்தது தொடருக்காக மட்டுமா என்று அவரைக் கேட்டால் தெரியும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் எழுப்பு. 2025 மே மாதம் வந்த எபிசோடில் கடைசி ஒன்றிரண்டு நிமிஷம். (நான் தொடரைப் பார்க்கவில்லை, அந்தத் துண்டை மட்டும் பார்த்தேன், கணக்கில் சேராது.) அப்போதைய டாக்டர் ங்சூட்டி கட்வா உருமாறும்போது யார் முகம் வருகிறது என்று நான் சொல்லப் போவதில்லை. 2005-இல் நீங்கள் பார்த்த முதல் எபிசோடை ஞாபகம் வைத்திருந்தால் அப்பாவே பெயரைச் சொல்லிவிடுவார்.