லீசிங் முடியாத காரை கார் சேலில் மாற்றலாமா? திருகோணமலைக்காரர் கேட்டவையும் பதில்களும்

லீசிங் கொம்பனியில் ரிகவரி பக்கம், அதாவது பிந்திய தவணைகளை அறவிடும் வேலை பார்த்தவன் என்பதால், கார் சேலில் (பழைய கார் வாங்கி விற்கும் இடத்தில்) கார் மாற்ற நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது வழக்கம். இந்த முறை வந்தவற்றுக்கு இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன்.

கிண்ணியாவிலிருந்து: அண்ணே, என்ட வாகன்ஆர் காருக்கு இன்னும் இரண்டு வருசத் தவணை இருக்கு. கார் சேல்காரர் "லீசிங்கை நாங்க கட்டிடுறம், காரை விட்டுட்டு இங்க நிற்கிற வெசல் காரை எடுங்க" என்கிறார். நம்பலாமா?

தம்பி, அவர் நல்லவராகவே இருக்கட்டும், ஒப்பந்தத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. பழைய கார் விற்றுக் காசு வந்த பிறகுதான் அவர் கட்டுவார் என்றால், அதுவரை விழுகிற ஒவ்வொரு தவணையும் உங்கள் பெயரில்தான் பிந்தும், கிரிப் அறிக்கையில் (உங்கள் கடன் வரலாற்றுப் பதிவில்) ஏறும், பிணை நின்ற மச்சானுக்கும் கோல் போகும். அந்தக் கோல்களை எடுத்தவன் நான், அதனால் சொல்கிறேன். முதலில் கொம்பனியில் செட்டில்மென்ட் கடிதம் எடுங்கள், எவ்வளவு கட்ட வேண்டும், எந்தத் திகதிவரை அந்தத் தொகை செல்லும் என்று அதில் இருக்கும். கார் சேல் தரும் காசோலை லீசிங் கொம்பனியின் பெயருக்கே எழுதப்பட வேண்டும், உங்கள் பெயருக்கும் வேண்டாம். கிளைக்கு இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். பற்றுச்சீட்டு கைக்கு வந்தபிறகு திறப்பைக் கொடுங்கள். "அதெல்லாம் எங்கட ஆள் பார்ப்பார்" என்றால் காரை வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

உவர்மலையிலிருந்து: லீசிங் பாக்கி 32 லட்சம். கார் சேலில் 28 லட்சம்தான் மதிக்கிறார்கள். மிச்சத்தைப் புது லீசிங்கோடு சேர்த்துவிடலாம் என்கிறார்களே?

வாகனத்தின் பெறுமதியில் எத்தனை வீதம்வரை கடன் கொடுக்கலாம் என்று மத்திய வங்கி வரையறை வைத்திருக்கிறது. அதனால் அந்த 4 லட்சத்தைத் தனியாகக் காட்டுவது கஷ்டம், புதுக் காரின் விலையைக் கூட்டி அதற்குள் புதைக்கப் பார்ப்பார்கள். 18 வீத வட்டியில் ஐந்து வருசத்துக்கு என்று போட்டால், அந்த 4 லட்சத்துக்கு மட்டும் மாதம் 10,150 ரூபா அளவில் வரும், முடிவில் 6 லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள், அதுவும் கையில் இல்லாத காருக்கு. இறக்குமதி நின்றிருந்த காலத்தில், அதாவது 2020 மார்ச்சுக்குப் பிறகு, ஏறிய விலைக்கு வாங்கியவர்கள் இதில் மாட்டுவது அதிகம். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திறந்தபிறகு பழைய விலையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க முடியாது. என் எண்ணம், கார் ஓடுகிறதென்றால் இன்னும் ஒரு வருசம் கட்டுங்கள், பாக்கி காரின் விலைக்குக் கீழே இறங்கட்டும், அப்புறம் மாற்றலாம். கட்டாயம் இப்போதே மாற்ற வேண்டுமென்றால் வித்தியாசத்தைக் கைக்காசாகக் கட்டுங்கள்.

நிலாவெளியிலிருந்து ஒரு தங்கச்சி: லீசிங்கோடயே கைமாத்தி விட்டால் என்ன அண்ணா? வாங்குறவர் தவணையைக் கட்டுவாராம், ஓப்பன் பேப்பரில், அதாவது வாங்குறவர் பெயர் நிரப்பாத மாற்றப் பத்திரத்தில், கையெழுத்து மட்டும் போதுமாம்.

வேண்டாம் தங்கச்சி. சீ.ஆரில் (வாகனப் பதிவுச் சான்றிதழில்) முழு உரிமையாளராக லீசிங் கொம்பனி இருக்கும்போது, அவர்களின் அனுமதி இல்லாமல் நீங்கள் போடுகிற கையெழுத்துக்குப் பெறுமதி இல்லை. அவர் இரண்டு தவணை கட்டிவிட்டு மறைந்தால் தேடி வருவது உங்கள் வீட்டுக்கு. கண்டி வீதியில் எங்காவது மோதிவிட்டாலும் பொலிஸ் முதலில் பார்ப்பது பதிவில் உள்ள பெயரைத்தான்.

மூதூரிலிருந்து: கார் சேலில் நிற்கிற காருக்கு வேறு ஆளின் லீசிங் கிடக்கிறதா என்று எப்படித் தெரியும்?

மூல சீ.ஆரைக் கேளுங்கள். போட்டோ கொப்பி மட்டும் காட்டினால் மூலம் பெரும்பாலும் கொம்பனியின் பெட்டகத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் கொம்பனியின் பெயர் இருந்தால், அது நீக்கப்பட்டு உங்கள் பெயருக்கு மாறும்வரை முழுக் காசையும் கொடுக்காதீர்கள்.

தம்பலகாமத்திலிருந்து: மூன்று வருசம் ஒழுங்காகக் கட்டியும் செட்டில்மென்ட் தொகை ஏன் இவ்வளவு?

ஆரம்பத் தவணைகளில் வட்டிதான் பெரும்பகுதி, வாங்கிய கடன்தொகை மெதுவாகத்தான் குறையும். முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணமும் இருக்கலாம், ஒப்பந்தத்தில் பாருங்கள். கணக்கில் சந்தேகம் இருந்தால் கொம்பனிக்கு எழுத்தில் முறையிடுங்கள். பதில் சரியில்லை என்றால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு எடுங்கள், அவர்களுக்குத் திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகமும் இருக்கிறது.