பிலிப்பைன்ஸின் சண்டைக்கலையான எஸ்க்ரிமா ஸ்பானிய வாள்வீச்சின் வாரிசா?

கொஞ்சம்தான். 1521-ல் அங்குள்ள மாக்டான் தீவில், ஸ்பெயினின் கப்பல்களோடு வந்த மகெல்லனை வீழ்த்தியவர்கள் ஸ்பெயினிடம் வாள் கற்றவர்கள் அல்ல. ஆனால் 1565-க்குப் பின் வந்த ஸ்பானிய ஆட்சி மூன்று நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. தாக்கம் இல்லாமல் போகுமா?

ஒற்றுமை பளிச்சென்று தெரிவது வாளும் குத்துவாளும் சேர்ந்த 'எஸ்பாடா இ டாகா'வில். தலைக்கு வரும் வெட்டை வாள் தடுக்கும், உடனே குத்துவாள் அந்தத் தடுப்பை ஏற்றுக்கொள்ளும், விடுபட்ட வாள் குத்தும். புதிதாகப் பழகுபவர்கள் இரு கையையும் ஒன்றாகத் தூக்கிவிடுவார்கள்; கைகள் பின்னிக்கொண்டு, திருப்பித் தாக்க ஆயுதமே மிஞ்சாது. நேராகப் பின்வாங்காமல் சாய்வாக விலகும் காலடியும் இரண்டிலும் உண்டு. ஸ்பானிய வாள் ஆசிரியர் கர்ரான்சா 1582-ல் அச்சிட்ட நூலிலிருந்து வளர்ந்த 'டெஸ்ட்ரேசா' என்ற ஸ்பானிய வாள்வீச்சு முறை அதை வட்டம் வரைந்து விளக்கியது. எஸ்க்ரிமா ஆசிரியர்கள் முக்கோணம் வரைகிறார்கள். இதை வைத்து மட்டும் உறவு சொல்ல முடியாது, வாள் ஏந்தும் எவரும் கண்டுபிடிக்கக்கூடியதுதான்.

வேறுபாடு ஆயுதத்தில் இருக்கிறது. டெஸ்ட்ரேசாக்காரர் நிமிர்ந்து நின்று, கையை நீட்டி, ஒரு மீட்டருக்கு நெருங்கிய வாள் அலகால் எதிரியைத் தள்ளியே வைப்பார். தன் அலகின் அடிப்பகுதியால் எதிராளி அலகின் முனைப்பகுதியை அழுத்துவார். சறுக்கி வருவதைக் கைக்காப்பு தாங்கும். எஸ்க்ரிமாவின் சுமார் 70 செ.மீ. பிரம்புக்குக் காப்பே கிடையாது. அதே அழுத்தத்தைக் கொடுத்தால் விரல் நசுங்கும். அதனால்தான் எஸ்க்ரிமாவில் முழங்கால் மடங்குகிறது, இடக்கை எதிராளியின் மணிக்கட்டைத் தேடிப் போகிறது.