பானை ஓடும் பால் கவரும்

அன்புள்ள ஐயா,

நான் சிவகங்கை மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. ஊர்க் கண்மாயில் மண் அள்ளிய இடத்திலிருந்து ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கருப்பு சிவப்புப் பானை ஓடுகளை ஒரு பை நிறையப் பொறுக்கி வந்துவிட்டார்கள். ஓர் ஓட்டில் கீறல் இருக்கிறது, படம் இணைத்துள்ளேன். பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய்ச் சின்னதாக ஒரு குழி தோண்டிக் காட்டலாமா?

– ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

தோண்ட மட்டும் வேண்டாம். ஓர் இடத்தை ஒரு தடவைதான் தோண்ட முடியும். எந்த ஆழத்தில், எந்த மண்ணில், எதோடு சேர்ந்து கிடந்தது என்பது கலைந்துவிட்டால் கையில் மிஞ்சுவது வெறும் ஓடு. சட்டமும் இருக்கிறது. மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம். அன்றைய பத்து ரூபாய்!

பொறுக்கியது பொறுக்கியாகிவிட்டது. நாளைக்கே கண்மாயின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, யார் எதை எங்கே எடுத்தார்கள் என்று குறிக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் போனால் மறந்துவிடுவார்கள். அப்புறம் மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு ஒரு கடிதம். கீழடியில் 1970களிலேயே கிணறு தோண்டும்போது கிடைத்தவற்றைக் கவனித்துத் துறைக்குச் சொன்னவர் அங்கிருந்த வரலாற்று ஆசிரியர் பாலசுப்பிரமணியம். அகழாய்வு தொடங்க 2014–15 வரை ஆனது. உங்கள் கடிதத்துக்கும் உடனே பதில் வராமல் போகலாம், நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

தோண்டுகிற ஆசையைப் பள்ளியிலேயே தீர்த்துக்கொள்ளலாம். நான் போயிருந்த ஒரு பள்ளியில் பழைய சிமெண்டுத் தொட்டியில் மூன்று அடுக்காக மண் நிரப்பியிருந்தார்கள். அடியில் செம்மண்ணும் உடைந்த மண்சட்டியும், நடுவில் களிமண்ணும் பாசிமணியும், மேலே மணலும் ஐந்து ரூபாய் நாணயமும். சணல் கயிற்றால் நான்கு கட்டம். கொத்துக்கரண்டி, பெயின்ட் பிரஷ், மாவுச் சல்லடை, ஒரு நோட்டு. அளந்து நோட்டில் எழுதாமல் எதையும் எடுக்கக் கூடாது என்பதுதான் விதி.

அடிச் செம்மண்ணில் ஒரு பால் கவர் வந்தது. ஆசிரியர் வேண்டுமென்றே புதைத்தது. "மண்சட்டி காலத்திலேயே பால் கவர் இருந்துச்சா சார்?" என்று ஒரே சிரிப்பு. ஒரு பெண் மட்டும் தொட்டியின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்க மட்டும் மண்ணு நிறம் வேற மாதிரி இருக்கு. எலி வளையா இருக்கும். மேலேருந்து இழுத்துட்டுப் போயிருக்கும்." நிஜக் குழியில் ஆய்வாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்வதும் இதே எலி வளையோடுதான். மண்ணின் நிறத்தைப் பார்க்க அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கருப்பு சிவப்பு ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பானையைக் கவிழ்த்துவைத்துச் சுட்டால் உள்ளே காற்றுப் புகாமல் கருக்கும், காற்றுப் பட்ட வெளிப்பக்கம் சிவக்கும். பக்கத்தில் குயவர் வீடு இருந்தால் அங்கேயே கூட்டிப்போங்கள், பாடப்புத்தகத்தைவிட அவர் நன்றாகச் சொல்வார்.

படத்தைப் பார்த்தேன். கீறல் மற்ற இடங்களைவிட வெளுப்பாக, புதிதாகத் தெரிகிறது. மண்வெட்டி பட்ட தடமாகவும் இருக்கலாம். ஓட்டைத் தேய்த்துக் கழுவாமல், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள்.