தெருவில் பார்த்தது நமக்குப் பொருந்துமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. பஸ் ஸ்டாப்பில், ரயிலில், நடைபாதையில் எதிர்ப்படும் பெண்கள் சாதாரணமாக உடுத்தியிருப்பதே அவ்வளவு அழகாக இருக்கிறது, அதை நாம் உடுத்துவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் மிகவும் பிடித்த விஷயம் இது, அதனால் இந்தப் பக்கங்கள் முழுவதையும் இதற்கே கொடுத்துவிட்டேன்.

ஸ்ட்ரீட் ஸ்டைல் என்று தேடினால் ஃபேஷன் ஷோ வாசலில் நிற்கிறவர்களின் படங்கள்தான் வருகின்றன. நிஜமாகவே தெருவில் நடக்கும் பெண்களிடம் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?
– கல்லூரி மாணவி

நிறைய இருக்கிறது. ஷோ வாசலில் நிற்பவர்களில் பலர் தங்களைப் படம் எடுப்பார்கள் என்று தெரிந்தே உடுத்தி வருகிறவர்கள். தெருவில் உங்களைக் கடந்து போகிறவர் அப்படியில்லை. காலையில் அவசரமாகக் கிளம்பி, அதே உடையில் நின்று, நடந்து, படியேறி, சாயங்காலம் வரை ஓட்டியாக வேண்டும். அதற்கு அப்புறமும் அந்த உடை பார்க்க நன்றாக இருக்கிறது என்றால் அதில் ஏதோ சரியாக அமைந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

1925இல் ஜப்பானில் கோன் வஜிரோ என்பவர் ஒரு குழுவோடு டோக்கியோவின் கின்சா வீதியில் நின்று, போகிறவர் வருகிறவர் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகப் பார்த்து எண்ணிக் குறித்தார். ஆண்களில் நூற்றுக்கு 67 பேர் மேற்கத்திய உடையில் இருந்தார்கள். பெண்களிலோ நூற்றுக்கு ஒருவர்தான்! கவுனும் குட்டை முடியுமாக வலம்வரும் நவீனப் பெண்ணைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பேச்சில் இருந்தது ஒன்று, வீதியில் நடந்தது வேறொன்று. இந்தக் கணக்கு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும், ஏனென்றால் இன்றைக்கும் போனில் பார்ப்பதை வைத்து ‘எல்லோரும் இதைத்தான் போடுகிறார்கள்’ என்று நாம் நம்பிவிடுகிறோம். வெளியே போய்ப் பத்து நிமிடம் நின்று எண்ணிப் பாருங்கள்.

நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்குப் படம் எடுத்த பில் கன்னிங்ஹாமும் (1929–2016) அப்படிப்பட்டவர்தான். நீல நிற ஜாக்கெட் ஒன்றைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் வந்து, ஐந்தாவது அவென்யூவும் 57ஆம் வீதியும் சந்திக்கும் முனையில் பல வருடங்கள் நின்று படம் எடுத்தார். 1978இல் ஒரு பெண்ணின் கோட்டில் தோள் வெட்டு அழகாக இருக்கிறதே என்று எடுத்தார். அந்தப் பெண் நடிகை கிரெட்டா கார்போ என்பதை எடுத்த பிறகுதான் அறிந்துகொண்டார். அவர் முதலில் பார்த்தது ஆளை இல்லை, தோளில் துணி உட்கார்ந்திருந்த விதத்தை. நீங்களும் அங்கிருந்தே தொடங்கலாம்.

பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறீர்கள். ஒருவரை அப்படி உற்றுப் பார்த்தால் அவருக்குச் சங்கடமாக இருக்காதா? எதைத்தான் பார்ப்பது?
– அலுவலகம் செல்லும் வாசகி

கட்டாயம் சங்கடமாக இருக்கும், அதனால் உற்றுப் பார்க்க வேண்டாம். இரண்டு மூன்று நொடிகள் போதும். எதைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் அதுவே தாராளம்.

உடையின் பெயரை விட்டுவிடுங்கள். ‘வெள்ளைச் சட்டை, ஜீன்ஸ்’ என்று குறித்து வைத்தால் வீட்டுக்கு வந்து படிக்கும்போது அதில் ஒன்றுமே இருக்காது, வெள்ளைச் சட்டையும் ஜீன்ஸும் உலகம் முழுக்க இருக்கிறது. எது எங்கே முடிகிறது என்று பாருங்கள். கை எங்கே முடிகிறது, சட்டையின் கீழ் ஓரம் இடுப்பில் நிற்கிறதா தொடைக்கு இறங்குகிறதா, பேன்ட் ஷூவைத் தொடுகிறதா அல்லது நடுவில் கொஞ்சம் கணுக்கால் தெரிகிறதா, கழுத்தில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார். என் நோட்டில் உள்ள ஒரு குறிப்பை அப்படியே தருகிறேன்: ‘சாம்பல் பேன்ட், கணுக்காலுக்கு இரண்டு விரல் மேலே. பழுப்புத் தோல் ஷூ, சாக்ஸ் தெரியவில்லை. சட்டை முன்பக்கம் மட்டும் இன், பின்னால் வெளியே. கழுத்தில் ஒன்றுமில்லை, காதில் பெரிய வளையம்.’ ஆள் நினைவில் இல்லை, உடை அப்படியே நிற்கிறது.

அனுமதி கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். தூரத்தில் இருந்தும் வேண்டாம், முதுகுப் பக்கமாகவும் வேண்டாம். கேட்டால் பலர் சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள். ஒருமுறை ரயிலுக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் நின்ற பெண்ணின் சட்டைக் கை மடிப்பு அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. எப்படி மடித்தீர்கள் என்று கேட்டேன், அங்கேயே ஒரு கையை அவிழ்த்து மறுபடி மடித்துக் காட்டினார். கைப்பட்டியின் பொத்தானைக் கழற்றிவிட்டு, பட்டியைப் பிடித்து உட்புறம் வெளியே வரும்படி முழங்கைக்கு மேல் வரை ஒரே இழுப்பாக இழுத்துவிட வேண்டும். பிறகு கீழே இருக்கும் வெறும் துணியை மட்டும் ஒரு தடவை மேலே மடித்து, பட்டியின் முக்கால் பாகத்தை மூட வேண்டும். பட்டியின் நுனி மட்டும் மேலே எட்டிப் பார்க்கும். சின்னச் சின்னதாகச் சுருட்டிக்கொண்டே போனால் கையில் தடித்த வளையம்போல் ஆகி, கொஞ்ச நேரத்தில் நழுவவும் தொடங்கும். இந்த மடிப்பு நழுவுவதில்லை, ஏனென்றால் விறைப்பான பட்டி மேலே நின்று பிடித்துக்கொள்கிறது. நான்கு வருடமாக இப்படித்தான் மடிக்கிறேன்.

ஒரு பெண் போட்டிருந்த தொளதொள சட்டையும் அகலமான பேன்ட்டும் பிடித்துப்போய் கிட்டத்தட்ட அதே மாதிரி வாங்கினேன். எனக்குப் போட்டால் யாரோ கொடுத்ததை மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. என் உடம்புதான் காரணமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

இல்லை. உடம்பைக் குறை சொல்வதை முதலில் நிறுத்துங்கள், உங்கள் கடிதத்தில் அதை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், படிக்கவே கஷ்டமாக இருந்தது.

தோள் தையலில் ஆரம்பிப்போம். தோளும் கையும் சேரும் தையல் உங்கள் தோள் எலும்பின் முனையில் உட்கார வேண்டும். தொளதொள சட்டைகளில் அதை வேண்டுமென்றே கீழே இறக்கி வெட்டியிருப்பார்கள். அப்படி வெட்டிய சட்டை கழுத்திலும் கைக்குழியிலும் சரியாக நிற்கும். இரண்டு சைஸ் பெரிய சாதாரணச் சட்டையை வாங்கினால் தையல் இறங்கியிருக்கும், கூடவே கழுத்தும் தொங்கும், கைக்குழியும் சுருங்கி மடியும். தூரத்தில் இருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோல் தெரியும், போட்டால்தான் வித்தியாசம். நீளத்தைக் குறைப்பது, பக்கங்களைப் பிடிப்பது எல்லாம் டெய்லருக்குச் சுலபம். தோளைச் சரிசெய்ய வேண்டுமென்றால் கையையே பிரித்து மறுபடி வைத்துத் தைக்க வேண்டும். அதனால் தோள் சரியில்லாததை வாங்காதீர்கள், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது துணி. நீங்கள் பார்த்தது ரேயானாகவோ பழகிய பருத்தியாகவோ இருந்திருக்கலாம், அது உடம்பை ஒட்டி வழிந்து இறங்கும். அதே அளவில் விறைப்பான பாலியெஸ்டர் வாங்கினால் கூடாரம்போல் விரிந்து நிற்கும். கடையில் துணியின் நடுவைக் கிள்ளித் தூக்கிப் பிடியுங்கள். மடிப்பு மடிப்பாகத் தொங்கினால் வழியும் துணி, அப்படியே விரிந்து நின்றால் விறைப்பு.

ஆனால் உங்கள் விஷயத்தில் நான் அதிகம் சந்தேகப்படுவது பங்கீட்டை. சட்டை இடுப்புக்குக் கீழே வரை தொங்கி, அங்கிருந்து பேன்ட் தொடங்கினால் உடம்பு சரிபாதியாக வெட்டுப்பட்டதுபோல் தெரியும். மேலே ஒரு பங்கு, கீழே இரண்டு பங்கு, அல்லது அதற்குத் தலைகீழ், இந்த இரண்டில் ஒன்று வந்துவிட்டால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். எனக்கு எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்தப் பெண் சட்டையின் முன் நுனியை பேன்ட்டுக்குள் செருகியிருந்தார். ‘முன்னால் கொஞ்சம் கசங்கியிருந்தது’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அது கசங்கல் இல்லை. செருகியவுடன் இடுப்பு எங்கே என்று தெரிந்துவிடும், கால் அங்கிருந்து தொடங்கும். நான்கு விரல் அகலத் துணியை மட்டும் செருகுங்கள், பிறகு இரண்டு கையையும் மேலே தூக்கி இறக்குங்கள், தேவையான தொய்வு தானாக வந்து நிற்கும். கண்ணாடி முன் இதை மட்டும் செய்துவிட்டு மறுபடி எழுதுங்கள், தயவுசெய்து அந்த உடையை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

குறுக்குக் கோடு போட்டால் குண்டாகத் தெரியும் என்கிறார்களே?
– இரண்டு வாசகிகள்

ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1867லேயே இதற்கு நேர் எதிராக எழுதிவிட்டார். ஒரே அளவுள்ள இரண்டு சதுரங்களில், குறுக்குக் கோடுகளால் நிரப்பியது உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரியும் என்றார். பெண்களின் உடையில் உள்ள குறுக்குக் கோட்டையே உதாரணமும் காட்டினார். அதனால் பயப்பட வேண்டாம். கோட்டின் அகலமும் இடைவெளியும்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாம் எல்லோரும் பார்த்திருக்கும் அந்த நீல வெள்ளைக் கோட்டு பனியன் பிரெஞ்சுக் கடற்படைச் சீருடையில் 1858இல் சேர்ந்தது. வெள்ளை 20 மில்லிமீட்டர், நீலம் 10 மில்லிமீட்டர் என்று அளவு கொடுத்தே உத்தரவு போட்டார்கள். வெள்ளை அகலமாகவும் நீலம் அதில் பாதியாகவும் இருப்பதால் கண்ணை உறுத்தாது. இரண்டும் ஒரே அகலமாக, பட்டை பட்டையாக இருப்பது கொஞ்சம் கூச்சல் போடும்.

எனக்கு 62 வயது. தெருவில் இளம்பெண்கள் போடுவதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. இந்த வயதில் போட்டால் சிரிப்பார்களோ?
– ஓய்வு பெற்ற ஆசிரியை

போடுங்கள் அம்மா. ஐரிஸ் ஆப்ஃபெல் என்ற அமெரிக்கப் பெண்மணியின் உடைகளையும் நகைகளையும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம் கண்காட்சியாக வைத்தது 2005இல். அப்போது அவருக்கு 84 வயது. பெரிய வட்டக் கண்ணாடி, கழுத்து நிறைய மணிகள், கை நிறைய வளையல் என்று 102 வயது வரை அப்படியே வாழ்ந்தார்.

நீங்கள் அவர் அளவுக்குப் போக வேண்டியதில்லை. இளம்பெண்ணிடம் பார்த்த முழு உடையையும் எடுக்காமல், அதில் உங்கள் கண் முதலில் போன ஒன்றை மட்டும் எடுத்து நீங்கள் பல வருடமாக உடுத்திப் பழகியதோடு சேருங்கள். அது வெள்ளை ஸ்னீக்கராக இருக்கலாம், தோளில் குறுக்கே மாட்டும் பையாக இருக்கலாம், கடுகு மஞ்சள் ஸ்கார்ஃபாக இருக்கலாம். நரைமுடிக்குப் பக்கத்தில் அந்தக் கடுகு மஞ்சள் எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று முகத்தருகே வைத்துப் பாருங்கள், இருபது வயதில் அந்த அழகு கிடைக்காது. அப்புறம் உங்கள் வயதுப் பெண்களையும் தெருவில் கவனியுங்கள். நான் குறித்துவைத்ததில் பாதிக்கு மேல் ஐம்பது தாண்டியவர்களிடம் பார்த்ததுதான், தனக்கு எது சரி என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரே நேரத்தில் எத்தனை நிறம் போடலாம்?

மூன்று. பழகிய பிறகு எத்தனை வேண்டுமானாலும். ஷூவும் பையும்கூட எண்ணிக்கையில் சேரும்.

மற்றவர்கள் கையை வீசி ஸ்டைலாக நடக்கிறார்கள். எனக்கு பை, போன், சாவி என்று கை எப்போதும் நிறைந்தே இருக்கிறது. பெண்கள் உடையில் பாக்கெட்டே இல்லையே!
– மருத்துவமனையில் பணிபுரியும் வாசகி

உங்கள் கோபம் நியாயமானது. 2018இல் அமெரிக்காவில் விற்கும் 20 பிரபல பிராண்டுகளின் ஜீன்ஸ்களை அளந்து பார்த்தார்கள். பெண்கள் ஜீன்ஸின் முன் பாக்கெட் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு. பெண்களுக்கென்றே ஜீன்ஸ் விற்கத் தொடங்கியது 1934இல், அதற்குப் பிறகு இத்தனை வருடம் ஆகியும் ஒரு போன் முழுசாக உள்ளே போவதில்லை என்பது எனக்கும் ஆறாத விஷயம்தான்.

செய்ய முடிந்ததைச் சொல்கிறேன். பக்கத் தையல் உள்ள எந்தப் பாவாடை, கவுன், குர்த்தி, பேன்ட்டிலும் டெய்லர் அந்தத் தையலைப் பிரித்து பாக்கெட் வைத்துத் தர முடியும். ஆழம் உங்கள் உள்ளங்கை முழுவதும் உள்ளே போய் மணிக்கட்டு வரை மறையும்படி இருக்கட்டும். பாக்கெட்டின் துணி கனமாக இருந்தால் வெளியே புடைக்கும், லைனிங் துணி போதும். பாக்கெட்டின் மேல் நுனியை இடுப்புப் பட்டியோடு சேர்த்துப் பிடித்துத் தைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் போனின் கனத்தில் உடையே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தொங்கும். இடுப்புப் பட்டி இல்லாத உடையென்றால் அதில் போன் வேண்டாம், சாவியும் கைக்குட்டையும் வைக்கலாம்.

பை மாட்டும்போது பட்டை காலரை நசுக்குகிறதா என்று வீட்டை விட்டுக் கிளம்புமுன் ஒருமுறை பாருங்கள். குறுக்காக மாட்டினால் பை இடுப்பெலும்புக்குச் சற்று மேலே நிற்கும்படி பட்டையைச் சுருக்குங்கள். தொடையில் அடித்துக்கொண்டே வரும் பைதான் நடையைக் கெடுப்பது, அதை இரண்டு துளை ஏற்றிவிட்டால் உங்கள் கை தானாக வீச ஆரம்பிக்கும்.