மார்பகம் சிறியதாக இருந்தால் தாய்ப்பால் போதுமான அளவு சுரக்குமா?

தாராளமாகச் சுரக்கும். "இவ்வளவு சின்னதா இருக்கே, பிள்ளைக்குப் பால் பத்துமா?" என்று பார்க்க வருகிறவர்கள் சொல்வதைக் காதில் வாங்காதீர்கள். மார்பகத்தின் பருமன் பெரும்பாலும் கொழுப்பு. பால் சுரப்பது உள்ளே இருக்கும் சுரப்பிகள். கிணறு மாதிரிதான், இறைக்க இறைக்க ஊறும். சிலருக்கு ஒரு நேரத்தில் தேங்கும் அளவு குறைவாக இருக்கும், அதனால் குழந்தை அடிக்கடி கேட்கும். சரி, கொடுங்கள். முதல் வாரங்களில் நாளுக்கு 8 முதல் 12 முறை என்பது எல்லோருக்கும் வழக்கம்தான். காம்பை மட்டும் அல்லாமல் சுற்றியுள்ள கருவளையத்தையும் சேர்த்துக் கவ்வ வையுங்கள். 5 நாளுக்கு அப்புறம் தினமும் 6 முறையாவது சிறுநீர் போய், எடையும் ஏறினால் பால் போதுகிறது. எடை ஏறாவிட்டாலோ, கர்ப்பத்தில் மார்பகம் கொஞ்சமும் மாறாமலே இருந்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள்.