விசு: சபா மேடையிலிருந்து சினிமா வரை – கேள்வி பதில்

விசுவின் நாடகம், வசனம், நடிப்பு, இயக்கம் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே கேட்டிருக்கிறீர்கள். சபா நாடகங்களை (ரசிகர் சங்கங்களான சபாக்கள் நடத்தும் நாடகங்களை) விடாமல் பார்த்து வளர்ந்தவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

சேலம் வாசகர்: சார், விசு சினிமாவுக்கு எப்படி வந்தார்? முதலில் நடிகரா, இயக்குநரா?

இரண்டும் இல்லை, முதலில் எழுத்தாளர். ஒய்.ஜி.பார்த்தசாரதியின் யு.ஏ.ஏ. (யுனைடெட் அமெச்சூர் ஆர்டிஸ்ட்ஸ்) நாடகக் குழுவில் மேடை பழகியவர். பிறகு 'விஸ்வசாந்தி' என்று சொந்தக் குழு. பகலெல்லாம் ஆபீஸ், சாயங்காலம் ஒத்திகை, வார இறுதியில் சபா என்று ஓடிய அமெச்சூர் குழுக்களின் காலம் அது. அவருடைய நாடகத்தை கே.பாலசந்தர் 1977-ல் 'பட்டினப் பிரவேசம்' என்று படமாக்கினார். கிராமத்துக் குடும்பம் ஒன்று பட்டணத்துக்கு வந்து சிதறிப்போகிற கதை. டெல்லி கணேஷுக்கு அதுதான் முதல் படம்.

திருப்புமுனை 1981. 'தில்லுமுல்லு'வுக்கு வசனம், 'நெற்றிக்கண்'ணுக்குக் கதை வசனம், எஸ்.பி.முத்துராமன் இயக்கிய 'குடும்பம் ஒரு கதம்பம்' மூலம் நடிகராக அறிமுகம், எல்லாம் அந்த ஒரே வருஷத்தில். அடுத்த வருஷம் இயக்குநர். 'கண்மணி பூங்கா', 'மணல் கயிறு' இரண்டும் 1982-ல் வந்தவை. ஆக, அவர் டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்தபோது கையில் பத்து வருஷத்துக்கு மேலான மேடை அனுபவம் இருந்தது. சபா ரசிகர் எந்த இடத்தில் சிரிப்பார், எந்த இடத்தில் நாற்காலியில் நெளிவார் என்பது அவருக்கு மனப்பாடம்.

திரைப்படக் கல்லூரி மாணவர்: விசு எடுத்தவை படம் பிடித்த நாடகங்கள்தான், அதில் சினிமாவே இல்லை என்கிறார்கள். உங்கள் கருத்து?

தம்பி, இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். குற்றச்சாட்டில் பாதி உண்மை. அவர் படங்களில் காமிரா அதிகம் அலையாது. ஒரு கூடம், அதில் ஏழெட்டுப் பேர் வரிசையாக நிற்பார்கள், பேச்சு நடக்கும். ஆனால் அதோடு விட்டுவிட்டால் அவரிடம் கற்க வேண்டியதைத் தவறவிடுவோம்.

சபா நாடகம் எப்படி நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். இன்று ஒரு சபா, நாளை இன்னொன்று. செட்டை வேனில் ஏற்றி இறக்கி, நாடகம் முடிந்த கையோடு கழற்ற வேண்டும். அதனால் பெரும்பாலும் ஒரே கூடம், ஒரு சோபா, வாசலுக்கு ஒரு வழி, உள்ளே போக ஒரு வழி. மைக் இருக்கும் இடத்துக்கு வந்து பேசினால்தான் கடைசி வரிசைக்குக் கேட்கும். இந்தக் கட்டுப்பாட்டில் எழுதுகிறவருக்கு மிச்சம் இருக்கும் ஆயுதம் ஒன்றுதான்: யார் எப்போது உள்ளே வருகிறார், யார் எப்போது வெளியே போகிறார்.

இப்போது அவர் எழுதி இயக்கி நடித்த 'சம்சாரம் அது மின்சார'த்தில் வீடு பிரிகிற காட்சிக்குப் போங்கள். பணத்தை வைத்து அப்பா அம்மையப்ப முதலியாருக்கும் (விசு) மூத்த மகன் சிதம்பரத்துக்கும் (ரகுவரன்) வாக்குவாதம் முற்றுகிறது. ரகுவரன் குரலை உயர்த்தாமலே எரிச்சலை ஏற்றிக்கொண்டு போவார். கடைசியில் அப்பா, மனைவி கோதாவரியை அழைத்து வீட்டின் குறுக்கே கோடு கிழிக்கச் சொல்கிறார். கிழிக்க வேண்டிய கை பெற்ற தாயின் கை! கோதாவரியாக நடித்த கமலா காமேஷின் முகத்தை அங்கே பாருங்கள். கோடு விழுந்த பிறகு அதே கூடம் நமக்கு வேறு இடமாகிவிடுகிறது. செலவு ஒரு கோடு, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. அந்த நேரத்தில் மூத்த மருமகள் உமா (லட்சுமி) வீட்டில் இல்லை, பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறாள். இருந்திருந்தால் கோடு விழுந்திருக்காது. சண்டையை மூட்டுவதற்கு முன்னால் சமாதானம் செய்யக்கூடிய ஆளை மேடையை விட்டு இறக்கிவிட வேண்டும் என்பது தேர்ந்த நாடகக்காரரின் கணக்கு. அவள் திரும்பி வரும் வரை நாம் வாசலையே பார்த்துக்கொண்டிருப்போம். படத்தின் பின்பாதி முழுக்க அந்த எதிர்பார்ப்பில்தான் ஓடுகிறது. இதற்குத் திரைக்கதை என்றுதான் பெயர், காமிரா நகர்ந்தாலும் நகராவிட்டாலும்.

இந்தக் கட்டுமானம் தளர்ந்த படங்களில் விமர்சனம் சரியாகப் பொருந்துகிறது. ஒருவர் பேசுவார், மற்றவர்கள் தங்கள் முறைக்காக நிற்பார்கள். கேட்கிறவரின் முகத்துக்கு வேலையே இருக்காது. அந்த இடங்களில் நானும் அப்படிச் சொல்கிறவர்கள் பக்கம்தான்.

காரைக்குடி வாசகி: 'சம்சாரம் அது மின்சார'த்தில் வரும் கண்ணம்மா பாத்திரம் நாடகத்திலேயே இருந்ததா?

இல்லை அம்மா. இதே கதை 'உறவுக்குக் கை கொடுப்போம்' என்று மேடையேறி, 1975-ல் அதே பெயரில் படமாகவும் வந்தது. ஜெமினி கணேசன் நடித்த அந்தப் படம் ஓடவில்லை. பத்து வருஷம் கழித்து ஏவி.எம்.முக்குக் கதை போனபோது, முழுக்க இறுக்கமாக இருக்கிறது, சிரிக்கவும் இடம் வேண்டும் என்று ஏவி.எம்.சரவணன் சொல்ல, வீட்டு வேலைக்காரி கண்ணம்மா உள்ளே வந்தாள். மனோரமா நடித்தார்.

பின்னால் சேர்த்த பாத்திரம் என்று சொன்னால்தான் தெரியும். அந்த வீட்டில் சம்பந்தி ஆல்பர்ட் பெர்னாண்டஸாக வரும் கிஷ்முவோடு அவர் மோதுகிற காட்சியும், "கம்முனு கெட" என்ற பேச்சும் இன்றைக்கும் எல்லார் வாயிலும் இருக்கிறது. அந்த மோதல் வெறும் தமாஷும் இல்லை. படித்தவர்களும் சம்பாதிப்பவர்களும் முறுக்கிக்கொண்டு நிற்கிற இடத்தில், அந்த வீட்டுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று தன் மானத்தைப் பார்க்காமல் இறங்குகிறவள் கண்ணம்மா ஒருத்திதான்.

மதுரை வாசகர்: கூட்டுக்குடும்பம்தான் சிறந்தது என்று பிரசாரம் செய்தவர் என்று விசுவைச் சொல்லலாமா?

'சம்சாரம் அது மின்சார'த்தின் கடைசிப் பத்து நிமிஷத்தைத் திரும்பப் பாருங்கள் ஐயா. உமா வருகிறாள், வீட்டு மகள் சரோஜினி, இரண்டாவது மருமகள் வசந்தா, சிதம்பரம் என்று ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்கிறாள், எல்லாரும் ஒன்று சேர்கிறார்கள். வழக்கமான படம் அங்கே வணக்கம் போட்டிருக்கும். இங்கே அம்மையப்பன் வீடு மறுபடி நிறைந்துவிட்டது என்று பூரிக்கும்போது, உமா தனிக்குடித்தனம் போகிறோம் என்கிறாள். இப்போது ஏற்பட்டிருக்கும் பிரியம் கெடாமல் இருக்க வேண்டுமானால் தள்ளி இருந்து, அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்வதே நல்லது என்பது அவள் வாதம். பெரியவர் அதை ஏற்றுக்கொள்கிறார்.

1986-ல், குடும்பப் படம் என்று தாய்மார்கள் கூட்டம் கூட்டமாக வந்த படத்தில், இப்படி ஒரு முடிவை வைக்க நெஞ்சுரம் வேண்டும். அதற்கான காரணங்களையும் அவர் முன்னாலேயே போட்டு வைத்திருக்கிறார். இரண்டாவது மகன் சிவம், பிளஸ் டூ தேறாத தம்பி பாரதிக்கு ராத்திரி வெகு நேரம் பாடம் சொல்லிக்கொடுக்கிறான். புதுப் பெண்டாட்டி வசந்தா காத்திருந்து காத்திருந்து கசந்துபோகிறாள். யாரும் கெட்டவரில்லை. தம்பி தேற வேண்டும் என்பதும் நியாயம், அவள் கேட்பதும் நியாயம். வீட்டில் இடமும் இல்லை, நேரமும் இல்லை. நடுத்தரக் குடும்பத்தின் இந்த நெருக்கடியை இவ்வளவு கூச்சமில்லாமல், அதே சமயம் விரசமில்லாமல் அந்தக் காலத்தில் வேறு யார் காட்டினார்கள்?

திருநெல்வேலியிலிருந்து ஒரு ஆசிரியை: உமா மாதிரி ஒரு மருமகள்தான் எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டுமா? ஆண்கள் கெடுப்பார்கள், பெண் ஒட்டவைக்க வேண்டுமா?

உங்கள் கோபம் நியாயமானது. விசு படங்களில் பெண்ணுக்கு அறிவும் பேச்சும் துணிச்சலும் உண்டு. ஆனால் அந்த அறிவு முழுக்க வீட்டைக் காப்பாற்றவே செலவாகிறது. உமாவுக்கென்று ஓர் ஆசை, ஒரு வேலை, ஒரு கனவு இருந்ததா என்று படம் கேட்கவே இல்லை. கடைசியில் அவள் தனக்காகக் கேட்கும் ஒரே விஷயம் தனி வீடு.

ஆனாலும் அவர் எழுதிய 'நெற்றிக்கண்'ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். அதில் சரிதாவின் ராதா, தன்னைச் சீரழித்த முதலாளியின் வீட்டுக்குள்ளேயே நுழைந்து, அவன் குடும்பத்தின் நடுவில் அவனைக் கூனிக்குறுக வைக்கிறாள். வீடு என்பது ஆணின் கோட்டை என்ற எண்ணத்தையே அந்தக் கதை உடைக்கிறது. ரஜினி இரட்டை வேடத்தில் நடித்த படத்தில் சரிதாவுக்கு இவ்வளவு இடம் எழுத முடிந்திருக்கிறது. 'பெண்மணி அவள் கண்மணி' (1988) வரும்போது பிரச்சினைகளைப் பேசும் ஆர்வம் கூடிவிட்டது, பாத்திரங்கள் கொஞ்சம் மெலிந்துவிட்டன. என் வாக்கு ராதாவுக்குத்தான்.

கோவை, அமெச்சூர் நாடகக் குழு ஒன்றிலிருந்து: அண்ணா, எங்களிடம் 9 பேர், ஒரு செட். விசுவிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

'மணல் கயிறு' கட்டமைப்பைப் பிரித்துப் படியுங்கள். எஸ்.வி.சேகரின் கிட்டுமணி, கல்யாணம் செய்துகொள்ள 8 நிபந்தனை போடுகிறான். விசுவின் நாரதர் நாயுடு எட்டுக்கும் எட்டுப் பொய் சொல்லி முடித்துவைக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாக அவிழ்கிறது. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, பார்வையாளர் கையில் ஒரு கணக்கு கொடுக்கப்பட்டிருக்கிறது. மூன்று போயிற்று, இன்னும் ஐந்து என்று அவரே எண்ணத் தொடங்கிவிடுவார். எண்ணுகிறவர் எழுந்து போகமாட்டார்.

அடுத்தது, ஒன்பது பேருக்கும் ஒன்பது பிடிவாதம் கொடுங்கள். நல்லவர் கெட்டவர் என்று பிரிக்காதீர்கள். வசனத்தை எழுதும்போதே நடிகரின் மூச்சை நினைத்து எழுதுங்கள். விசுவின் நீள நீளமான வாக்கியங்கள் கேட்கச் சிக்கலாக இருந்தாலும், மூச்சு வாங்கும் இடம் சரியாக விழும். அதனால்தான் சுற்றிச் சுற்றிப் பேசினாலும் ஒரு வார்த்தை நழுவாது. ஒத்திகையில் அந்தப் பாணியை அப்படியே பேசிப் பார்க்க ஆசை வரும். பயிற்சிக்குப் பேசுங்கள், மேடையில் வேண்டாம். அது அவர் வாய்க்கு அளவெடுத்தது.

சென்னை வாசகர்: நடிகராக அவர் எல்லாப் படத்திலும் ஒரே மாதிரிதானே?

தன் சொந்தப் படங்களில் பெரும்பாலும் ஆமாம், பேசியே வழக்கை நடத்துகிற மனிதர். பேசாத விசுவைப் பார்க்க வேண்டுமானால் மறுபடி அம்மையப்பனிடம்தான் போக வேண்டும். வீட்டில் கோடு விழுந்த பிறகு அந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் இறங்குவது நல்ல நடிப்பு. இன்னொரு விஷயம், தானே எழுதி இயக்கிய படத்தில் கடைசி வெற்றியை லட்சுமிக்குக் கொடுத்துவிட்டுத் தான் தோற்று நிற்கிறார். எத்தனை நடிகர்-இயக்குநர்கள் அதைச் செய்வார்கள்? பிறர் படங்களில் 'மன்னன்', 'உழைப்பாளி' என்று குணச்சித்திர வேடங்கள் செய்தார். அவை அவருக்குச் சிரமமில்லாத வேலை.

சின்னச் சின்னக் கேள்விகள் சில:

இயற்பெயர் எம்.ஆர்.விஸ்வநாதன். பிறந்தது 1945 ஜூலை 1. கிஷ்மு அவருடைய உடன்பிறந்த தம்பிதான், அதனால்தான் இருவருக்கும் மேடையில் அப்படி ஓர் ஒத்திசைவு.

'சம்சாரம் அது மின்சாரம்', பொழுதுபோக்கும் தரமும் சேர்ந்த சிறந்த வெகுஜனப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்ற முதல் தமிழ்ப் படம். இசை சங்கர் கணேஷ். தெலுங்கு, இந்தி, கன்னடம், மலையாளம் நான்கிலும் எடுக்கப்பட்டது. மலையாளத்தில் 'குடும்பபுராணம்', சத்யன் அந்திக்காடு இயக்கம், அப்பா வேடத்தில் திலகன். கிடைத்தால் அவசியம் பாருங்கள்.

'மணல் கயிறு 2' 2016-ல் வந்தது. விசு நடித்தார், இயக்கவில்லை.

தஞ்சாவூர் வாசகர்: டி.வி.க்குப் போனது அவருக்குச் சரிவா?

நான் அப்படி நினைக்கவில்லை. 90-களில் அவர் பாணிப் படங்களுக்குத் தியேட்டரில் இடம் குறைந்தது, குடும்பங்கள் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டன. அவர் தன் பார்வையாளரைத் தேடிப் போனார். சன் டி.வி.யில் 'அரட்டை அரங்கம்', பிறகு ஜெயா டி.வி.யில் 'மக்கள் அரங்கம்'. ஊர் ஊராகப் போய், அந்த ஊர்க்காரர்களையே மைக் முன்னால் நிறுத்தினார். பட்டிமன்றத்தில் பேச்சாளர்கள் பேசுவார்கள், மக்கள் கேட்பார்கள். இங்கே பேசியவர்கள் தறிக்காரர், மாணவி, ஓய்வுபெற்ற குமாஸ்தா. பேசிப் பழகாத ஒருவர் தடுமாறும்போது அவசரப்படுத்தாமல், ஒரு கேள்வி போட்டு எடுத்துக் கொடுப்பார். ஒத்திகையில் புது நடிகரைத் தட்டிக்கொடுத்து வேலை வாங்கியவருக்கு அது கைவந்த கலை.

கல்லூரி மாணவி: சார், நான் ஒரு விசு படமும் பார்த்ததில்லை. எதில் தொடங்கலாம்?

'மணல் கயிறு' முதலில், சிரித்துப் பழக. அடுத்து 'சிதம்பர ரகசியம்' (1985), குடும்பக் கதையை விட்டு மர்மக் கதைக்குள் அவர் எப்படிப் புகுந்தார் என்று தெரியும். பிறகு 'சம்சாரம் அது மின்சாரம்', முடிந்தால் அம்மா, பாட்டியோடு உட்கார்ந்து பாருங்கள். அவர் 2020 மார்ச் 22 அன்று, நாடே ஊரடங்கில் இருந்த நாளில் காலமானார். முறையாக ஓர் அஞ்சலிக் கூட்டம் நடத்தக்கூட வழியில்லாத நேரம். அதனாலேயே உங்களைப் போன்றவர்கள் இப்போது கேட்பது எனக்குப் பெரிய சந்தோஷம். மூன்றையும் பார்த்துவிட்டு, உமா எடுத்த முடிவு சரியா என்று எழுதுங்கள். அடுத்த தடவை அதிலிருந்தே தொடங்கலாம்.